சாதிக்காய் வசனம்

வீடியோ திரும்பக் கிடைத்ததா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கிடைத்தது. இப்போதும் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அது கிடைத்த கதையை நப்லான் நானா சொல்கிற மாதிரி நம்பிவிடாதீர்கள். அந்த மனுஷன் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் தலையாட்டாமல் போனதில்லை. நடந்தது என் கடையில், என் கண்முன்னால், என் கணினியில். அதனால் நான் சொல்வதுதான் சரி.

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் நான் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் போட்டோகொப்பி, டைப்பிங், லெமினேட்டிங் என்று இருக்கும். உண்மையான தொழில் படிவம் நிரப்புவது. பாஸ்போட், அடையாள அட்டை, காணி, பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்ப்பது, யானை தின்ற நெல்லுக்கு நட்டஈடு, எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். பதினொரு வருஷ அனுபவத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன். முகத்துக்கு நேரே பொய் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட படிவத்தில் கூச்சமில்லாமல் சொல்வார்கள். பிறந்த திகதியிலேயே தொடங்கிவிடுவார்கள். அதனால் நான் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிப்பேன், வந்தவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா" சொல்ல வேண்டும். பிடிக்காதவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் வேறொரு கடை இருக்கிறது. நான் யாரையும் பிடித்து வைப்பதில்லை.

எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். நப்லான் நானா தம்புள்ள வீதியில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் கைட். வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். அவர் அவர்களை மிளகுக் கொடி, கறுவா, கராம்பு, ஏலம், வெனிலா, சாதிக்காய் என்று மரம் மரமாக நடத்திக்கொண்டு போய், முக்கால் மணித்தியாலம் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் பேசி, கடைசியில் தைலக் கடை வாசலில் கொண்டுபோய் விடுவார். அந்தப் பேச்சில் அறிவு கொஞ்சம், பகிடி நிறைய. கறுவாப் பட்டையை உரிக்கும்போது மாமியாரைப் பற்றி ஒன்று. கராம்பைக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் பல்வலியைப் பற்றி ஒன்று. மயிர் உதிர்க்கும் களிம்பை ஒரு வெள்ளைக்காரரின் முன்கையில் பூசித் துடைத்துவிட்டு அவருடைய மனைவியைப் பார்த்து ஒன்று. அந்த வீதியில் இருக்கும் தோட்டங்களில் கைட்மார் ஏராளம், ஆனால் நப்லான் நானாவின் குழுதான் தூரத்திலிருந்தே சிரிப்புச் சத்தத்தில் அடையாளம் தெரியும்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டுச் சோடி வந்து அவர் பேசியதை முழுசாகப் படம் பிடித்துத் தங்கள் பயணச் சேனலில் போட்டுவிட்டார்கள். இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். தலைப்பில் 'இலங்கையில் நாங்கள் சந்தித்த வேடிக்கையான கைட்' என்று இருந்தது. பெயர் இல்லை. முகம் இருந்தது, குரல் இருந்தது, அவருடைய மஞ்சள் நிற சேர்ட்கூட இருந்தது, பெயர் மட்டும் இல்லை.

முதலில் அவருக்குப் பெருமைதான். பிறகு வீதியில் உள்ள மற்றத் தோட்டங்களில் புதிதாகச் சேர்ந்த கைட்மார் அந்த வீடியோவைப் பார்த்துப் பாடமாக்கி அதையே பேசத் தொடங்கினார்கள். ஒரு நாள் அவருடைய குழுவில் வந்த ஒரு இளம்பெண், இந்தப் பகிடியை நீங்களும் அந்த வீடியோவில் பார்த்துத்தான் படித்தீர்களா என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு மஞ்சள் சேர்ட் போடாததுதான் பிழை. மனுஷனுக்கு அது தாங்கவில்லை. அந்த வீடியோவில் தான் பேசுகிற நாலு நிமிஷத்தை வெட்டியெடுத்து, நப்லான் என்று பெரிய எழுத்தில் பெயர் போட்டு, சொந்தமாக ஒரு சேனல் தொடங்கி அதில் ஏற்றினார். மூன்றாம் நாள் வீடியோ மறைந்துவிட்டது. பதிலுக்கு ஒரு அறிவித்தல் வந்தது.

அதைக் கைபேசியில் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் என் கடைக்குள் வந்தார்.

"நிரோஷா, என்னை நானே களவெடுத்துட்டேன்னு எழுதியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் ஏற்கெனவே அந்தச் சோடிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர்களும் மரியாதையாகவே பதில் போட்டிருந்தார்கள், இரண்டு சிவப்பு இதயம் வேறு. ஒரு பொது இடத்தில் ஒருவர் பேசுவதைப் படம் பிடித்து அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது நியாயமான பயன்பாடாம். ஆனால் படமும் ஒலிப்பதிவும் அவர்களுடைய உழைப்பு, அதை அப்படியே எடுத்துப் போடுவது உரிமை மீறலாம். அதாவது அவர்கள் நப்லான் நானாவை எடுத்தால் நியாயம், நப்லான் நானா நப்லான் நானாவை எடுத்தால் களவு. ஆட்சேபணை இருந்தால் தளத்தில் படிவம் இருக்கிறது, பத்து நாளுக்குள் நிரப்பலாம் என்று முடித்திருந்தார்கள். நிரப்பாவிட்டால் சேனலும் போய்விடும்.

படிவம் என்றால் நான் விடமாட்டேன். ஒரு பின்னேரம் முழுக்க இருந்து விதிகளை வாசித்தேன். சட்டம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: படம் பிடித்தவருக்குப் படம், பேசினவருக்குப் பேச்சு. பேச்சு தன்னுடையது என்று அவர் நிறுவினால், அவருடைய பெயரோடு அது இருக்க அந்தச் சோடியும் சம்மதிக்கத்தான் வேண்டும். நிறுவுவதற்கு ஒரு பெட்டி இருந்தது. 'இந்தப் பேச்சு முழுவதும் என் சொந்தப் படைப்பு என்று சத்தியமாக உறுதி கூறுகிறேன்.' அதில் ஒரு சரி போட்டால் போதும். முழுவதும் சொந்தமில்லை என்றால் எந்தப் பகுதி யாருடையது என்று கீழே விவரமாக எழுத வேண்டும், அப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

வேறு யாராக இருந்தாலும் சரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் போடுகிறார்கள். நான் வாசித்துக் காட்டினேன் பாருங்கள், அதில்தான் எல்லாம் கெட்டது.

"சத்தியமா?" என்றார்.

"ஆமா நானா. பொய்யின்னா குற்றம்னு போட்டிருக்கு."

"குற்றத்த விடுங்க. சத்தியம்னா சத்தியம்தானே."

எழுந்து கதவு வரைக்கும் போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். வாயால் செய்தாலும் விரலால் செய்தாலும் சத்தியம் அல்லாஹ்வின் பெயரில்தான் போய் நிற்கும், பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போக ஏலாது என்றார். தினமும் வெள்ளைக்காரர்களிடம் சிவப்பு வாழைத் தைலம் பூசினால் தலைமுடி முளைக்கும் என்று சொல்கிறீர்களே, அது என்ன கணக்கு என்று கேட்டேன். அது வியாபாரம், அதில் சத்தியம் செய்வதில்லை என்றார். கைட்மாருக்குள்ளே இப்படி ஒரு எல்லைக்கோடு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஆகவே கீழே விவரம் எழுதத் தீர்மானித்தோம். நாலு நிமிஷப் பேச்சை நான் வரி வரியாக டைப் செய்தேன். பத்தொன்பது வசனம் வந்தது. ஒவ்வொன்றாக வாசித்து, இது யாருடையது என்று கேட்கத் தொடங்கினேன்.

கறுவா வசனம் சாலிஹ் நானாவுடையது. நப்லான் நானாவுக்குத் தொழில் பழக்கிய மூத்த கைட், இப்போது ஓய்வெடுத்துக் கலேவெலயில் மகள் வீட்டில் கத்தரி பயிரிடுகிறார். அவருக்கு ஃபோன் போட்டோம். அவர், அது தன்னுடையது இல்லை, கண்டிப் பக்கம் ஒரு கைட் சொல்லக் கேட்டது என்றார். மிளகும் அப்படித்தான், ஏலமும் அப்படித்தான். கடைசியில் ஒரு தீர்ப்பும் சொன்னார்: "சிரிச்சாங்கன்னா என்ட பேர போடு, சிரிக்காட்டி உன்ட பேர போட்டுக்க." அப்படி எழுத இடமில்லை என்று நான் சொன்னேன். அப்படியானால் எல்லாவற்றுக்கும் தன் பெயரையே போடச் சொன்னார்.

கராம்பு வசனம் விமான நிலையத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் வேன் சாரதி நடராஜாவுடையது. அவர் செய்தி கேட்டு மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். பெயரோடு படமும் போட முடியுமா என்று கேட்டார், சட்டைப் பையில் பாஸ்போட் அளவுப் படம் ஒன்று தயாராக இருந்தது. களிம்பு வசனம் ஒரு ஜெர்மன் கிழவி சொன்னது, பெயர் தெரியாது. வெனிலாப் பூவுக்கு மகரந்தம் வைக்கக் கல்யாணத் தரகர் வேண்டும் என்பது தோட்டத்து முதலாளி அடித்த துண்டுப் பிரசுரத்தில் இருந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெயரையும் நான் எழுத எழுத நப்லான் நானாவின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. பதினைந்து வருஷமாகத் தன் வாய்தான் தன் சொத்து என்று நினைத்திருந்த மனுஷன், அது முழுக்க இரவல் சாமான் என்று ஒரு கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்து கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்.

பதினெட்டு வசனத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டார்கள். பதினான்காவது மட்டும் மிஞ்சியது.

அதுதான் சாதிக்காய் வசனம். அந்த வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்ததே அதற்காகத்தான். சாதிக்காய்க் கன்று நட்டால் ஏழு வருஷம் போய்ப் பூக்கிறவரைக்கும் அது ஆண் மரமா பெண் மரமா, காய்க்குமா காய்க்காதா என்று யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லிவிட்டு நப்லான் நானா மரத்தில் கையை வைப்பார். குரலைத் தாழ்த்துவார். "எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் பிள்ளை இல்லை. ஒரு விருந்தில் என் அக்கா எல்லார் முன்னாலும் என் மனைவியிடம், உனக்கு என்ன குறை என்று கேட்டார். நான் அக்காவிடம் சொன்னேன்: ஒரு சாதிக்காய் மரத்துக்கு ஏழு வருஷம் பேசாமல் காத்திருக்கிறீர்கள், ஒரு பெண்ணுக்கு அவ்வளவு பொறுமை இல்லையா?" பிறகு கொஞ்சம் நிறுத்தி, ஏழாம் வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள் என்பார். அந்த இடத்தில் வீடியோவில் அந்த வெளிநாட்டுப் பெண் கண்ணைத் துடைப்பாள். கீழே ஆயிரக்கணக்கான கருத்துகள், எல்லாம் ஒரே மாதிரி: உலகத்தின் மிகச் சிறந்த கணவர், இப்படி ஒருவர் எனக்குக் கிடைக்கமாட்டாரா. நானும் சும்மா இருக்கவில்லை. அதை என் வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டி, பாருங்கள், படியுங்கள் என்று இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் அவர் உயிரை எடுத்திருக்கிறேன்.

இது யாருடையது என்று கேட்டேன்.

"அது என்னோடது. என் வீட்டு விஷயம்தானே."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த லெமினேட்டிங் விலைப் பட்டியலைப் பார்த்தார். பதினெட்டு வசனத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்த மனுஷன், உறுதியாகத் தன்னுடையது என்று சொல்லக்கூடிய ஒரே வசனத்தில் நெஞ்சை நிமிர்த்த வேண்டாமா? என் தொழிலில் இந்தப் பார்வையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறந்த திகதி சொல்லும்போது இப்படித்தான் பார்ப்பார்கள். சரி போடவா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுங்க என்றார். சத்தியம்தானே நானா, ஆமா என்றால் ஆமா என்று சொல்லுங்கள் என்றேன்.

இந்த நேரம் பார்த்து மபாஸா உள்ளே வந்தாள். நப்லான் நானாவின் மனைவி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவர்கள், வாடி போடி என்று பேசிக்கொள்கிற பழக்கம். மகள் அம்றாவை முதலாம் வகுப்பில் சேர்ப்பதற்குப் பிறப்புச் சான்றிதழ் போட்டோகொப்பி எடுக்க வந்திருந்தாள். கணவர் இங்கே இருப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

இப்போது நான் செய்ததற்கு எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் அப்போது எனக்கு அது கெட்ட எண்ணமாகத் தோன்றவில்லை, பாதி பகிடி, பாதி பொறாமை. உன் வீட்டுக்காரர் உலகத்திலேயே சிறந்த கணவராம், உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவர் ஆங்கிலத்தில் பேசுகிற வீடியோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறாள், ஆங்கிலம் விளங்காது என்று பார்க்கவில்லை. அதற்கென்ன, இப்போது தளமே தமிழில் மாற்றித் தரும் என்று சொல்லிக்கொண்டே அந்தச் சோடியின் வீடியோவைத் திறந்து நான் பொத்தானை அழுத்தினேன்.

நப்லான் நானா கையை நீட்டி லெப்டொப்பை மூடப் பார்த்தார். பிந்திவிட்டது.

அவருடைய வாய் அசைய, யாரோ முகம் தெரியாத ஒரு இயந்திரக் குரல் செய்தி வாசிக்கிற தமிழில் சாதிக்காய் வசனத்தைச் சொன்னது. நான் அக்காவிடம் சொன்னேன் என்றது. ஒரு பெண்ணுக்கு அவ்வளவு பொறுமை இல்லையா என்றது. மபாஸா கடைசிவரை கேட்டாள். வெளிநாட்டுப் பெண் கண்ணைத் துடைக்கும் இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னாள்.

"இத நீங்களா சொன்னீங்க?"

நப்லான் நானாவின் பார்வை மறுபடி லெமினேட்டிங் விலைப் பட்டியலுக்குப் போனது.

"நீங்க அன்னைக்கு வட்டிலப்பம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க," என்றாள் மபாஸா. "ரெண்டாவது கோப்பை."

பிறகு அவள் என் பக்கம் திரும்பிக் கதையைச் சொன்னாள். அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னதே எனக்குப் பயமாக இருந்தது. நப்லான் நானாவின் அக்கா ஹமீமா வீட்டில் ஒரு விருந்து. அறுபது பேர். ஹமீமா ராத்தா கேட்டது உண்மைதான், எல்லார் முன்னாலும் கேட்டதும் உண்மைதான். மபாஸா முதலில் கணவரைப் பார்த்திருக்கிறாள். அவர் கோப்பையைப் பார்த்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளே வாயைத் திறந்து அந்தச் சாதிக்காய் வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய், யாரும் கேட்காமல் அத்தனை பீங்கானையும் கழுவியிருக்கிறாள். கை தவறி ஒன்று உடைந்ததாம். அதையும் வேண்டுமென்றே உடைத்தாள் என்று பேசினார்களாம்.

நப்லான் நானா அப்போதுதான் பேசினார், மேசையைப் பார்த்துக்கொண்டு. முதல் தடவை ஒரு ஒல்லாந்து சோடியிடம் சொல்லும்போது என் மனைவி சொன்னாள் என்றுதான் சொன்னாராம். ஆங்கிலத்தில் சொல்வது வெளிநாட்டுக்காரரோடு விமானம் ஏறிப் போய்விடும், மாத்தளைக்குத் திரும்பி வராது என்று நினைத்தாராம். தோட்டத்தில் எல்லா கைட்மாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், வீட்டில் பேச முடியாத எல்லாவற்றையும் அங்கே ஆங்கிலத்தில் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

"'என் வைஃப் சொன்னா'ன்னு சொன்னப்போ சிரிச்சாங்க," என்றார். "ஒருநாள் வாய் தவறி 'நான் சொன்னேன்'னு வந்திருச்சு. கை தட்டினாங்க. பிறகு மாத்த மனசு வரல்ல."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி. இந்த வீடியோவை வைத்து என் வீட்டுக்காரரை இரண்டு நாள் வாட்டினேனே, அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாரே.

மபாஸா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத நீங்க சொல்லியிருந்தா, நான் சொல்ல வேண்டி வந்திருக்காது," என்றாள்.

கடையில் லக்கலவிலிருந்து யானை நட்டஈட்டுப் படிவத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். சிங்களம் மட்டும்தான் தெரியும், ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் எழுந்து தன் கதிரையை மபாஸா பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வாசலோரமாகப் போய் நின்றார். அவள் உட்காரவில்லை.

எனக்குத் தெரிந்தது படிவம்தான். ஆகவே படிவத்துக்குப் போனேன். பதினான்காம் வரியில் உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். நான் படித்த விதிகளின்படி, வாயால் சொன்ன ஒரு சின்ன வசனத்துக்குப் பெரிதாக உரிமை ஒன்றும் கிடைக்காது. அந்தச் சோடியிடமிருந்து அதைப் பிடுங்கவும் முடியாது. ஆனால் இங்கே பெயராவது இருக்கும், உலகம் பார்க்கும் என்றேன்.

"என் பேர் வேணாம். அத வெட்டிரு."

இருபது லட்சம் பேர் கேட்டாயிற்றே, இங்கே மட்டும் வெட்டி என்ன ஆகப்போகிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவங்க வாய நான் மூட ஏலாது நிரோஷா. இவர் மட்டும் சொல்லாம இருந்தாப் போதும். அது நான் அழுதுக்கிட்டு சொன்னது. கை தட்டுறதுக்கு சொன்னதில்ல."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? பிறப்புச் சான்றிதழைக் கொடு என்று வாங்கி மெஷினில் வைத்தேன். மெஷின் வழக்கம்போலச் சூடாக நேரம் எடுத்தது. நப்லான் நானா மெதுவாக, சரி, வெட்டுங்க என்றார். உலகத்தின் சிறந்த கணவரை உலகத்தின் சிறந்த கணவராக்கிய வசனம் அவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. பத்தொன்பதில் அவருடையது என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் அதற்காக அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

கைபேசியை எடுத்தார். யாருக்கோ அழைப்புப் போட்டார். தோட்டத்துக்கு, வரப் பிந்தும் என்று சொல்லத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"ராத்தா, நான் நப்லான் பேசுறேன்," என்றார்.

மபாஸா மெஷினிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் பேசியதை நான் அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் அதில் கூட்ட ஒன்றுமில்லை. முதலில் ராத்தா என்று இரண்டு தடவை சொன்னார். "அன்னைக்கு... உங்கட வீட்டுல... நீங்க மபாஸாகிட்ட கேட்டீங்களே. அது பிழை. அத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல்ல. எனக்குப் பயம். உங்களுக்கு இல்ல, அங்க இருந்த ஆளுகளுக்கு. அவ என்னப் பார்த்தா, நான் குனிஞ்சுக்கிட்டேன். அதுவும் பிழை. அவ்வளவுதான். இனி யாரும் என் வைஃபுகிட்ட அப்படிக் கேட்டா, நான் எழும்பிப் போயிருவேன். நீங்க கேட்டாலும்."

மற்றப் பக்கத்தில் ஹமீமா ராத்தா ஏதோ நீளமாகப் பேசினார். எட்டு வருஷத்துக்குப் பிறகு இது என்ன பைத்தியம் என்பதுபோல ஒரு தொனி மட்டும் எங்களுக்குக் கேட்டது. நப்லான் நானா இடையில் பகிடி ஒன்றும் விடவில்லை, குரலை ஏற்றவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இல்ல ராத்தா, பிழைதான் என்று இன்னொரு தடவை சொல்லி வைத்துவிட்டார். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. என் வாழ்நாளில் நான் கேட்ட அத்தனை பேச்சிலும் இவ்வளவு மோசமாகப் பேசப்பட்ட பேச்சு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் நான் மெனக்கெடவில்லை.

மபாஸா அந்தப் பெரியவர் நகர்த்தி வைத்த கதிரையில் உட்கார்ந்தாள். கணவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இப்ப பேசினாரே, இது அவரோடதுதான்," என்றாள். "நான் சாட்சி."

நான் வீடியோவில் சாதிக்காய்ப் பகுதியை வெட்டி, படிவத்தில் பதினான்காம் வரியையும் அழித்தேன். மீதிப் பதினெட்டையும் பெயர்களோடு சத்தமாக வாசித்தேன், நப்லான் நானா ஒவ்வொன்றுக்கும் ஆமா என்றார், அனுப்பிவிட்டு லக்கலப் பெரியவரைக் கூப்பிட்டேன்.